பன்னெண்டு அண்ணனின் விரல்கள்

அவரைப் பன்னெண்டு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் கடைப்பலகையில் வெளுத்துப்போய்க் கிடந்தது. அதைப் படிக்கவேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. வண்டி எலக்ட்ரீஷியன். பேட்டரி, டைனமோ, விளக்கு, ஹாரன், அதோடு சரி. வீட்டு ஃபேன் சுற்றவில்லை, வந்து பாருங்கள் என்று யாராவது கேட்டால், "எனக்குப் பன்னெண்டு வோல்ட்டுக்கு மேல எண்ணத் தெரியாதுப்பா" என்பார். வண்டி பேட்டரி பன்னெண்டு வோல்ட்தானே; அந்தப் பேச்சே அவருக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. கூப்பிட்டால் கோபப்படவும் மாட்டார்.

எங்கள் கண்ணாடிக் கடைக்கும் அவருடைய ஷெட்டுக்கும் நடுவில் ஒரு குட்டைச் சுவர்தான். என் வீட்டுக்காரர் கண்ணாடி அறுப்பார், நான் வண்டி ஓட்டுவேன். இதைச் சொன்னால் சிலர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். என் வீட்டுக்காரர் ஓட்டி ஒரு நாள் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் பேசலாம். எங்கள் வண்டி ஒரு பழைய பிக்கப். மூன்று கை மாறி எங்களிடம் வந்து சேர்ந்தது. பின்னால் சாய்வாக இரும்புச் சட்டம் போட்டு, கண்ணாடிகளை நிறுத்திவைத்துக் கட்டிக்கொண்டு போவேன்.

அண்ணனுக்கு ஷெட்டுக்குப் பின்னாலேயே ஓர் அறை. அண்ணி இறந்தபிறகு அந்த அறையில் ஒரு கட்டிலும் ஒரு ஸ்டவ்வும் மட்டும்தான் புழக்கத்தில் இருந்தன. ஒரே மகன் தூரத்து ஊரில் நல்ல வேலையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். "கடையை மூடிட்டு இங்க வந்துடுங்கப்பா" என்பது அந்தப் போனின் கடைசி வரி. ஒருமுறை போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன். "எட்டு மணிக்கு எல்லாரும் கிளம்பிடுறாங்கம்மா. அவன் கார் பானெட்டை நான் திறந்தா கம்பெனிக்காரன் கோவிச்சுப்பானாம்" என்றார்.

வண்டி கெட்டால்தான் அவரிடம் ஆள் வரும். சரியாகிவிட்டால் போய்விடும். ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யார் நான் யார் என்பது அவருடைய தொழிலுக்கென்றே சொன்னது. அதனால் முடிந்த வேலையிலும் ஏதாவது ஒரு திருகை மறுபடி முடுக்கிக்கொண்டே நிற்பார். "பொண்ணு என்ன படிக்குது?" என்பார். "உங்க ஊர்ல மழை எப்படி?" என்பார். வண்டிக்காரர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டிக்கொண்டிருப்பார். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சலாக வரும். அவர்மேல் இல்லை, சாவி ஆட்டுகிறவன்மேல்.

ஆனால் வேலைக்காரர் என்றால் வேலைக்காரர். மற்றவர்கள் வந்தவுடன் மீட்டரை எடுப்பார்கள். இவர் கையை வைப்பார். எஞ்சினை ஓடவிட்டு, எல்லா விளக்குகளையும் போடச் சொல்லி, டைனமோவிலிருந்து பேட்டரிவரை வயர் போகிற வழியெல்லாம் விரலால் தடவிக்கொண்டே போவார். முனை தளர்ந்திருந்தாலோ, உள்ளே துரு ஏறியிருந்தாலோ, கரண்ட் அங்கே திணறும். திணறுகிற இடம் சூடாகும். அந்த இடத்தில் விரல் நின்றுவிடும். "இங்க" என்பார். பிரித்துப் பார்த்தால் கரிந்திருக்கும்.

அப்படிப்பட்டவர் எங்கள் வண்டியிடம் மூக்கறுபட்டார்.

முதலில் ஒரு காலையில் வண்டி கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் 'டொக்' என்று ஒரு சத்தம், அதற்குமேல் ஒன்றுமில்லை. அண்ணன் வந்தார். பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவினார். இன்னொரு பேட்டரியிலிருந்து வயர் கொடுத்துக் கிளப்பினார். விரலால் வழக்கம்போல் தடவிப் பார்த்தார். "வயரெல்லாம் ஜில்லுன்னு இருக்கும்மா. பேட்டரிக்குத்தான் வயசாயிடுச்சு." புது பேட்டரி போட்டோம்.

கொஞ்ச நாளிலேயே மறுபடி 'டொக்'. அதோடு, முன்விளக்கைப் போட்டால் மீட்டர் பலகையில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு லேசாக முழித்துப் பார்த்தது. டைனமோவைக் கழற்றினார். உள்ளே உரசுகிற கார்பன் கட்டை தேய்ந்திருந்தது. கார்பன் மாற்றி, பேரிங் மாற்றி, பெல்ட்டை இறுக்கினார். "இனிமே கவலையில்ல" என்றார்.

கவலை ஓட்டல் வாசலில் காத்துக்கொண்டிருந்தது. ஆளுயரக் கண்ணாடி ஒன்றை இறக்கிவிட்டு வண்டியைக் கிளப்பினால், செல்ஃப் எடுக்கவே இல்லை. வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறேன். பின்னால் கார்கள் ஹாரன் அடிக்கின்றன. ஒருவன் கார் ஜன்னலை இறக்கி, "பொம்பளைங்க கையில வண்டியக் குடுத்தா" என்று ஆரம்பித்தான். நான் திருப்பிக் கொடுத்ததை இங்கே எழுதமுடியாது. கடைசியில் வாட்ச்மேன்கள் தள்ளித்தான் வண்டி கிளம்பியது.

வீட்டுக்காரர் தீர்மானமாகச் சொன்னார்: "பன்னெண்டு போதும். பெரிய சர்வீஸ் சென்டர்ல விட்டுடு. அவருக்கு முன்ன மாதிரி வேலை ஓடல. ரோட்டுல நாலு பேர் பேசிக்கிறாங்க."

நாலு பேர் பேசுகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். ஒரு லாரிக்காரரும் ஒரு ஆட்டோக்காரரும் இதேபோல் இரண்டாம் முறை, மூன்றாம் முறை வந்து சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஆனைக்கும் அடி சறுக்கும், அதற்காக ஆனையை விரட்டிவிடுவார்களா? இப்படித்தான் சொல்லிவிட்டு வண்டியை நேராக ஷெட்டுக்குள் ஏற்றினேன். என் பிடிவாதம் அப்படி.

அண்ணனின் முகம் சுண்டிப்போய்விட்டது. "இன்னைக்கு முழுக்க உன் வண்டிதாம்மா" என்றார். அன்றைக்கு வேறு வண்டி எதுவும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

இந்தமுறை மீட்டரை எடுத்தார். எஞ்சின் ஓட, விளக்குகள் எரிய, பேட்டரியில் வைத்துப் பார்த்தார். பன்னிரண்டரை. டைனமோவின் முதுகில் வைத்துப் பார்த்தார். பதினாலரை.

"டைனமோ நல்லாத்தான் குடுக்குது. நடுவுல எவனோ ரெண்டு வோல்ட்டைத் தின்னுடறான்" என்றார். "தின்னா உடம்பு சுடணுமே. இரு, பிடிச்சுடறேன்."

விரல் கிளம்பியது. டைனமோவிலிருந்து மேலே ஏறி, எஞ்சின் ஓரமாக வளைந்து, பியூஸ் பெட்டிவரை போய், திரும்பி வந்தது. மறுபடி போனது. நான் பக்கத்தில் நின்று ஓட்டல் வாசல் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தபடியே பியூஸ் பெட்டிக்குள் கைவிட்டு, வயர் முனையை முடுக்கியிருந்த நட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"எங்கயுமே சூடில்லம்மா" என்றார்.

எனக்கு ஒரு வாடை அடித்தது. முடி பொசுங்குகிற வாடை. வயர்தான் கருகுகிறதோ என்று குனிந்தேன். வயர் இல்லை. அவருடைய ஆள்காட்டி விரல் அந்த நட்டின்மேல் அப்படியே இருந்தது. ஓரத்தில் தோல் வெள்ளையாகச் சுருண்டுகொண்டிருந்தது.

"அண்ணே!" என்று கத்திக் கையைப் பிடித்து இழுத்தேன். நம்ப முடியாமல் என் விரலை அந்த நட்டில் வைத்தேன். ஐயோ! வைத்த வேகத்தில் எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் விரலைப் பார்த்தார். எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. போய் அணைத்தேன்.

"எத்தனை நாளா இப்படி?"

"தெரியலம்மா." பொசுங்கிய விரலைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். "சட்டைப் பட்டன் போட லேட்டாகும். திருகு கீழ விழும். கண்ணுதான் சரியில்லைன்னு கண்ணாடிய மாத்தினேன்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இப்ப வர்ற வண்டியெல்லாம் முன்ன மாதிரி சூடாகறதில்லன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது.

நட்டைக் கழற்றினோம். முனை கருத்துப்போயிருந்தது. அவர் சொல்லச் சொல்ல நான்தான் தேய்த்தேன், புது முனை வைத்து அழுத்தினேன், முடுக்கினேன். மறுபடி மீட்டர் வைத்தபோது பேட்டரியில் பதினாலு காட்டியது. வண்டியின் நோய் அதோடு தீர்ந்தது. அண்ணனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். சர்க்கரை வெகுநாளாக உடம்பில் குடியிருந்து நரம்பைத் தின்றிருக்கிறது, போன உணர்ச்சி திரும்புவது கஷ்டம் என்றார். வெளியே வந்து படியில் நின்று அண்ணன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. தெரிஞ்சா ஒரு வண்டி வராது."

என் வாயைப் பற்றி ஊருக்கே தெரியும். வீட்டுக்காரர் என்னை ஓட்டைவாய் என்றுதான் கொஞ்சுவார். ஆனால் இதைக் கட்டிய புருஷனிடம்கூட நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஏற்பாடு தானாக உண்டானது. வண்டி வந்தால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "தங்கச்சி, கொஞ்சம் வாயேன்" என்று குரல் வரும். நான் போவேன். அவர் வண்டிக்காரரிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, நான் வயர் வழியாக விரலை ஓட்டுவேன். சூடு தட்டுப்பட்டால் இருமுவேன். அவர் அலட்டிக்கொள்ளாமல் வந்து, "இங்க" என்பார். பன்னெண்டு மறுபடி தேறிட்டார் என்று ரோட்டில் பேச்சு மாறியது. அந்த லாரிக்காரர்கூடத் திரும்பி வந்தார். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். திருட்டுத்தனத்துக்குப் பெருமை என்ன என்று யாரும் கேட்டுவிடாதீர்கள்.

ஒரு நாள் நான் கண்ணாடி ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தேன். திரும்பி வந்தபோது ஷெட்டின் ஷட்டர் பட்டப்பகலில் பாதி இறங்கியிருந்தது. வழியிலேயே ஸ்கூல் வேன் டிரைவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்னக்கா ஆச்சு அவருக்கு? சார்ஜ் ஏறலன்னு கொண்டுபோனேன். வயர் மேல கைய வச்சார். உங்க கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மீட்டரை எடுத்தார், அதோட முனையும் கையில நிக்கல, ரெண்டு தடவை பொறி பறந்துச்சு. புள்ளைங்க ஏறுற வண்டி, எனக்குத் தெரியல, வேற இடத்துல காட்டுப்பான்னுட்டார்."

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து 'தெரியல' என்ற சொல்லை ஒரு வண்டிக்காரரும் கேட்டதில்லை.

உள்ளே போய்ச் சண்டை போட்டேன். "நாளைக்கு வான்னு சொல்லியிருக்கலாமே. நான் வந்திருப்பேன் இல்ல?"

"வருவம்மா. எனக்குத் தெரியாதா?" கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். "உன் கைய வச்சு நான் எத்தனை நாள் பேர் வாங்கறது? ஒரு நாள் நீயும் இல்லாம, நானும் வீம்புக்கு 'சரியாயிடுச்சு'ன்னு அனுப்பி, அந்த வேன் தீப்பிடிச்சா?"

கீழே கிடந்த ஒரு ஸ்பேனரை எடுத்துத் துடைத்து அவரிடம் நீட்டினேன்.

கடை அப்படித்தான் நின்றது. மகன் மறுபடி கூப்பிட்டான், இவர் போகவில்லை. முதலில் தெரியாமல் நாலைந்து வண்டிகள் வந்து திரும்பின. பிறகு அதுவும் நின்றது. பேச்சுக் குரலே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் இருக்கிறார் என்பது காலையில் ஸ்டவ் பற்றவைக்கிற சத்தத்தில்தான் தெரியும். எங்கள் பிக்கப்போ, சனியன், ஒரு கோளாறும் இல்லாமல் ஓடியது. எனக்குக் கடையில் வேலைக்குமேல் வேலை. போகவேண்டும், போகவேண்டும் என்று நினைப்பதோடு சரி.

போன வாரம் மத்தியானம் கண்ணாடிக்கு விளிம்பு தேய்த்துக்கொண்டிருந்தபோது, "தங்கச்சி, கொஞ்சம் வாயேன்" என்று குரல் கேட்டது. வண்டிக்குக் கூப்பிடுகிற அதே குரல். எந்த மடையன் இந்த நேரத்தில் வண்டி கொண்டுவந்தான் என்று முணுமுணுத்தபடி, கை நிறையக் கண்ணாடித் தூளோடு போனேன்.

ஷெட்டில் வண்டி இல்லை. வேலை மேசைமேல் ஒரு டம்ளரில் டீ இருந்தது. அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"இது சூடா இருக்கா, கொஞ்சம் தொட்டுப் பாரேன்" என்றார்.

டீயின்மேல் ஆடை கட்டிச் சுருங்கிப்போயிருந்தது. இதைச் சொல்ல விரல் எதற்கு, கண் போதாதா? சுருக்கென்று கேட்டுவிட்டிருப்பேன். அதற்குள் அவரே சொன்னார்.

"உங்க அண்ணி இருந்தவரைக்கும் எனக்கு இந்த வியாதி இருக்கறதே தெரியாது. எதைக் குடுத்தாலும், 'சூடு, பார்த்து'ன்னு சொல்லித்தான் குடுப்பா."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு டம்ளரைத் தொட்டேன். சில்லிட்டுப்போயிருந்தது.

"சூடாத்தாண்ணே இருக்கு" என்றேன். "கொஞ்சம் ஆறட்டும்."

அவர் தலையாட்டினார். நான் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அது ஆறும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.