கிராக்கோவில் மணந்த வசம்பு

புலம்பெயர்ந்து நாங்கள் குடியேறிய மல்வேர்னில், வழக்கமாகப் போகும் மருந்துக்கடையில், எஞ்சிய மருந்துகளைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். காலமான என் மனைவியினுடையவற்றை இன்று காலை கொண்டுபோய்க் கொடுத்தேன். "இது திறக்கவே இல்லையே, அங்கிள்," என்றாள் அங்கே நின்ற பெண். "ஓம் பிள்ளை," என்றேன். மாத்திரைகளின் மணம் பஸ்ஸிலும் கையோடு வந்தது. அந்த மணம் நினைவில் என்னைக் கொண்டுபோய் விட்ட இடம், நாங்கள் இருவரும் ஒருமுறை சுற்றிப் பார்க்கப் போன போலந்து.

கிராக்கோவ் நகரில் பார்க்கவேண்டியவை எவையென்று நீங்கள் கேட்டால், இப்போதும் வரிசை தவறாமல் ஒப்பிப்பேன்: வாவெல் குன்றின் அரண்மனை, சதுக்கத்துத் துணிமண்டபம், அதன் அடியில் தோண்டியெடுத்த பழைய வீதிகள். வரலாறு படிப்பித்தவனோடு பயணம் போவது ஒருவகைத் தண்டனை. மனைவி அதை அரண்மனையில் தொங்கிய அரசர் படங்கள் வரைக்கும் பொறுத்தாள்.

"எல்லா ராசாவுக்கும் ஒரே மூக்கப்பா. இனி என்னால ஏலாது."

அதன்பின் அவள் தேர்ந்தது, ஒரு பழைய வீட்டிலிருந்த மருந்தக அருங்காட்சியகம். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுத்தவள் அல்லவா? மாடி மாடியாகச் சாடிகள், தராசுகள், உரல்கள். கூரையடியில் மூலிகைகளைக் காயவிட்டிருந்தார்கள். ஒரு வேர்க்கட்டின் முன் நின்று கண்ணை மூடினாள்.

"வசம்பு. உங்களுக்கு மணக்கேல்லையோ? குழந்தைப் பிள்ளையளுக்கு உரைச்சுக் குடுக்கிறது."

எனக்குத் தூசிதான் மணத்தது.

அவளுடைய நோய் இன்னதென்று எங்களுக்கு அப்போதே தெரியும். கீழே இறங்கும்போது, சாடிகளுக்கு நடுவே நின்று, "திரும்பிப் போனதும் புது மருந்து தொடங்குவினம். நீர் யோசியாதேயும்," என்றேன்.

அவள் சிரித்தாள். "உந்தச் சாடியளுக்கு முன்னாலயும் ஒரு காலத்திலை ஆரோ உப்பிடித்தான் சொல்லியிருப்பினம்."

புது மருந்து நோயைத் தொடவில்லை; முதலில் அவளுடைய மோப்பத்தைக் கொண்டுபோயிற்று. தேநீரும் சவர்க்காரமும் அவளுக்கு ஒன்றாகிவிட்டன. ஒரு மத்தியானம் தமிழ்க்கடையில் வசம்பு வாங்கிவந்து, அவள் மூக்கருகே பிடித்தேன்.

"மணக்குதோ?"

"இல்லை. நீங்கள் சொல்லுங்கோ, என்ன மாதிரி மணக்குது?"

காரம் என்றேன். மண் என்றேன். அவள் இன்னும் காத்திருந்தாள். நாற்பது நிமிடப் பாடத்தை ஒருநாளும் நேரத்துக்கு முடித்திராத எனக்கு, மூன்றாவது சொல் வரவில்லை.

"சரி, விடுங்கோ," என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு, எது எப்படி மணக்கிறதென்று அவள் என்னிடம் கேட்டதில்லை. இப்போது கேட்பதற்கு வீட்டில் எவருமில்லை.