ஆரத்திச் சிவப்பில் ஒரு முட்டை

வினிகரின் நெடி எங்கே எழுந்தாலும், தீவில் லம்பா லைன் குடியிருப்பில் இருந்த எங்கள் சமையலறையும், அங்கே ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் சிவப்பு மறைந்துபோன அந்தக் கணமும் என் முன்னே வந்து நிற்கின்றன.

பக்கத்து வீட்டுச் சுசீலா ஆன்ட்டி ராஞ்சிக் கிறிஸ்தவர். ஈஸ்டருக்கு முந்தைய நாள், அவித்த முட்டைகளுக்கு மஞ்சளால் பொன்னிறமும் கீரையால் பச்சையும் ஏற்றுவார். வெங்காயத் தோலோடு கொதித்துச் சிவந்த ஒன்றை மட்டும் கணவர் பீட்டர் அங்கிளின் தட்டில் வைப்பது அவர் வழக்கம். எனக்குப் பத்து வயதான அந்த ஆண்டில், அங்கிள் இதய அறுவை சிகிச்சை முடிந்து சென்னையில் கப்பலுக்குக் காத்திருந்தார். கப்பலோ பழுதாகி 'மெயின்லேண்ட்' துறைமுகத்திலேயே நின்றுவிட்டது. எங்கள் வெங்காயமும் அதே கப்பலில்தான் வரவேண்டும்; கடைகளில் ஒரு சருகுகூட மிஞ்சவில்லை.

"லால் அண்டா இல்லாம அவர் தட்டை எப்படி வைக்கிறது, தீதி? வர்ற ஆளுக்கு அபசகுனம் ஆயிடாதா?" சிவப்பு முட்டைக்காக ஆன்ட்டி அம்மாவிடம் கண்கலங்கினார்.

"அழாத சுசீலா. வீடு திரும்புறவங்களுக்கு நாங்க சுத்துற ஆரத்தியும் செவப்புதான். உன் வீட்டுக்காரர வரும்போது ரெண்டு மூட்டை வெங்காயம் தூக்கிட்டு வரச் சொல்லு!" என்றார் அம்மா.

"ஹார்ட் ஆபரேஷன் ஆளு, தீதி! நீங்கதான் கப்பல் ஜெட்டிக்குப் போய்த் தூக்கணும்."

மஞ்சள் நீரில் அம்மா சுண்ணாம்பைக் கரைத்ததும் கிண்ணம் இரத்தமாய்ச் சிவந்தது. உள்ளே இட்ட முட்டையும் சிவந்தது. மகிழ்ந்துபோன ஆன்ட்டி, "சிர்கா போட்டாதான் ரங் பக்கா ஆகும்" என்று தம் வழக்கப்படி வினிகரை ஊற்றினார். ஆரத்தி நீரைச் சுற்றியவுடன் வாசலில் கொட்டிவிடும் எங்கள் வீட்டில் அந்த நிறத்தை நிலைக்கச் செய்ய எவரும் முயன்றதில்லை. ஆகவே அம்மாவும் தடுக்கவில்லை. நுரைத்து அடங்கியபோது கிண்ணம் முழுவதும் மஞ்சள்.

அம்மா பதறி மீண்டும் சுண்ணாம்பை எடுத்தார். ஆன்ட்டி கிண்ணத்தை நகர்த்திக்கொண்டார்.

"வேண்டாம் தீதி. ஒருதடவ போயிடுச்சு."

ஈஸ்டர் கழிந்த மறுநாள் சென்னையிலிருந்து போன் வந்தது. அங்கிளின் இதயம் நின்றுவிட்டது. பின்னர் வந்த கப்பலில் வெங்காயம் மட்டும் இறங்கியது.

அமிலம் காரத்தை முறித்தது, மஞ்சள் தன் இயல்புக்குத் திரும்பியது, இதில் சகுனம் எங்கே இருக்கிறது? இவ்வினாவை நான் எழுப்பிய எந்தப் பட்டிமன்ற மேடையிலும் எதிரணி என்னை வென்றதில்லை என்பதைப் பெருமையோடு சொல்வேன். இந்த ஈஸ்டருக்கு முந்தைய நாள், அதே வாதத்தை ஆன்ட்டியின் சமையலறையில் நின்று எடுத்துரைத்தேன். அவர் முழுவதும் கேட்டார்.

"சரிதான் பேட்டா. ஆனா ஊத்துனது என் கைதானே?"

இப்போது எங்கள் கடைகளில் வெங்காயத்துக்குப் பஞ்சமில்லை. ஆன்ட்டியின் முறத்திலும் தோல் குவிந்து கிடந்தது. மேசையில் பொன்னிற முட்டைகளும் பச்சை முட்டைகளும் மட்டுமே ஆறிக்கொண்டிருந்தன. அவர் அந்தத் தோலை இரு கைகளாலும் வாரிக் குப்பையில் போட்டுவிட்டு, கையைக் கழுவப் போனார்.