கும்பெனிக் கல்லில் துவைத்த துணி

கும்பெனி எங்கள் வீட்டைத் திருப்பிக் கேட்க ஆள் அனுப்பியிருக்கிறது என்று ஒரு காலைப்பொழுதில் நான் மனசார நம்பினேன். சின்னப் பிள்ளை இல்லை. சரித்திரத்தில் பட்டம் வாங்கிவிட்டு வேலையில்லாமல் சுற்றிய வயசு. அந்தக் கிழக்கிந்தியக் கும்பெனி செத்துத் தலைமுறைகள் ஆகிவிட்டன என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவன். சிரித்துக்கொள்ளுங்கள்.

இன்று காஞ்சிபுரத்தில், இந்த மூன்றாம் மாடியில், வாஷிங் மெஷின் பழுது. பாத்ரூம் தரையில் சட்டையைப் போட்டு பார் சோப்பைத் தேய்த்தேன். அந்த வாசனைக்குக் கை தானாக ஒரு கல்லைத் தேடியது.

வாலாஜாபாத்தில் எங்கள் கிணற்றடியில் கிடந்த துவைகல் அது. கறுப்பாக, வழவழவென்று, ஆள் நீளத்துக்கு. மேலே தேய்ந்துபோன இங்கிலீஷ் எழுத்து. பட்டாளம் இருந்த மேட்டிலிருந்து எங்கள் முன்னோர் யாரோ வண்டியில் ஏற்றி வந்ததாம். இந்தப் பக்கத்துத் தறிகளிடம் துணி கேட்டு வந்த கும்பெனி, துணிக்குக் காவலென்று சிப்பாயை வைத்தது. சிப்பாய்க்குச் சம்பளமென்று வரி வாங்கியது. வரி வாங்கிப் பழகியவன் ராஜா ஆகாமல் இருப்பானா? கடைசியில் அவர்கள் ராணியே அதன் சீட்டைக் கிழித்தாள். பட்டாளமும் போய், மேட்டில் முள் முளைத்தது. ஊர்க்காரர்கள் செங்கல்லை ஆளுக்குக் கொஞ்சம் பெயர்த்துக்கொண்டார்கள். நாட்டையே சுருட்டியவனிடமிருந்து எங்கள் பங்குக்கு ஒரு துவைகல்.

அன்றைக்கு டாக்ஸி ஓட்டும் பாஷா பாய், வயசான வெள்ளைக்காரர் ஒருவரைக் கொல்லைக்கே கூட்டி வந்துவிட்டார். வெள்ளைக்காரர் கையில் பழைய வரைபடம். அதில் எங்கள் தெருவை விரலால் காட்டினார். எங்கள் வீட்டுக்குப் பட்டா கிடையாது. யாராவது குடை பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாலே தாசில்தாரோ என்று கதவைச் சாத்தும் குடும்பம். நான் ஓடிப்போய் ஈரப் புடவையால் கல்லை மூடி, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டேன். சாட்சியை மறைக்கிறேனாம்!

“நாங்க தண்ணி வரி ஒழுங்கா கட்டறோம் சார்” என்று தெரிந்த இங்கிலீஷில் உளறினேன்.

பாஷா பாய் தலையில் அடித்துக்கொண்டார். “அட இன்னாப்பா நீ! அவரு வூடு கேக்க வர்ல. அவுங்க வம்சத்துப் பையன் ஒருத்தன் கும்பெனில கணக்கெழுத வந்து இங்க ஜொரத்துல பூட்டானாம். சமாதிக் கல்லத் தேடிக்கினு சுத்தறாரு.”

“எழுந்திருடா சனியனே, குந்திக்கினு இருக்கறதப் பாரு” என்றாள் அம்மா. எழுந்தேன். வேட்டியின் பின்புறம் முழுக்க ஈரம்.

வெள்ளைக்காரர் புடவையை விலக்கி, மண்டியிட்டு எழுத்தைத் தடவினார். அம்மா துணி பிரஷை நீட்டினாள், தேய்த்தார். பெயரில் பாதியை எங்கள் துணிகள் தின்றிருந்தன. மீதிப் பாதியே அவருக்குப் போதுமாக இருந்தது. அதன் கீழே வயது: பத்தொன்பது. பாஷா பாய் அதைச் சொன்னதும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“யாரு பெத்த புள்ளயோ. இத்தினி வருசம் அது நெஞ்சு மேலயா துணி அடிச்சிக்கினு இருந்தேன்?”

“கும்பெனிக்காரன்தானேமா, இன்னும் நாலு அடி போடு” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அவர் கல்லைக்கூடக் கேட்கவில்லை. ஒரு படம் எடுத்துக்கொண்டு, பாய் வாங்கி வந்த சோடாவைக் குடித்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு அம்மா அந்தக் கல்லில் துவைக்கவே இல்லை. தரையில் குந்தித் துவைத்து முட்டி போனது. வெயில் நேரத்தில் கல் மேல் எங்கள் பூனை படுத்திருக்கும்.

வீடு கேட்டு ஆள் வரத்தான் செய்தது, சில வருஷம் கழித்து. எல்லாம் நம் ஆட்கள். தொழிற்சாலைக் கன்டெய்னர் லாரிகளுக்குச் சாலை அகலமாக வேண்டுமாம். பட்டா கேட்டார்கள். மேலே உட்கார்ந்து மறைக்கிற விஷயமாக அது இல்லை. இடிக்க வந்த பொக்லைன்காரனிடம் அம்மா கேட்டது ஒன்றுதான்: “அந்தக் கல்ல மட்டும் ஓரமா வெச்சிடுப்பா.”

“வெக்கிறேம்மா.”

இப்போது அம்மா இல்லை, பாஷா பாயும் இல்லை. அந்தப் பையனின் பாதிப் பெயர் என்னவென்று எனக்கு நினைவில்லை. கிணற்றைத் தூர்க்க வீட்டின் இடிபாடு போதாமல் அந்தக் கல்லையும் உள்ளே தள்ளினார்கள். அதன் மேல் சாலை போகிறது.