எங்கள் வீட்டுக்கு வந்த அமெரிக்கச் சட்டம்

அமெரிக்காவில் இரண்டு வருஷம் படித்துவிட்டு மெல்பேர்ணில் எங்களோடு வந்து தங்கிய சித்தப்பா, சாப்பிட உட்கார்ந்தாலே அந்த நாட்டு ஆட்சியைத்தான் கதைப்பார். அங்கே ஜனாதிபதி, சபைகள், நீதிமன்றம் என்று அதிகாரத்தைப் பிரித்து வைத்திருக்கிறார்களாம். ஒருவர் துள்ளினால் மற்றவர் இழுத்துப் பிடிப்பாராம். பிறகு யார்தான் பெரியவர்? எனக்கு அது விளங்கவே இல்லை.

அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. விடுதியில் தங்க வேண்டும். “குமர்ப்பிள்ளை வெளியில தங்குறதோ? கதையை விடுங்கோ” என்றார் அப்பா. மறுநாளைக்குள் பதில் சொல்லாவிட்டால் இடம் போய்விடும். அக்கா அழுதுகொண்டிருந்தாள்.

“அண்ணை, அங்க ஜனாதிபதி மறுத்தாலும் சபையில மூண்டில ரெண்டு பங்கு பேர் எதிர்த்தா அவற்ற மறுப்புச் செல்லாது” என்றார் சித்தப்பா. “நீங்கள் ஜனாதிபதி. பிள்ளை வழக்குக்காரி. மிச்சம் நாலு பேர். மூண்டு கை வேணும்.”

அப்பா சிரித்தபடி வாக்கெடுப்புக்குச் சம்மதித்தார். அம்மா அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

சித்தப்பா கை தூக்கினார். அண்ணா தூக்கவில்லை. “அவள் போனா என்ர சேர்ட்டை ஆர் அயர்ன் பண்ணுறது?” என்றான். நான் கூச்சத்தோடு தோள்வரை தூக்கினேன். “அரைக் கையும் கைதான்” என்றார் சித்தப்பா.

குசினி வாசலில் பிட்டுக்குக் குழைத்த மாவோடு நின்ற அம்மா, மெதுவாகக் கையைத் தூக்கினார். முழங்கை வரை மா.

அப்பா கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி வெளியே வளவுக்குப் போய்விட்டார். அக்கா அம்மாவைக் கட்டிப்பிடித்தாள்.

நானோ அம்மாவின் பின்னாலேயே திரிந்தேன். கொஞ்ச நாளுக்கு முன்தான் இந்த நாட்டுப் பிரதமரையே, இங்கிலாந்து ராணியின் ஆளான தேசாதிபதி பதவியைப் பறித்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார். சனம் வாக்குப் போட்டு வந்தவரையே அனுப்பலாம் என்றால், அம்மாவை அனுப்ப எவ்வளவு நேரம்? எந்த வீட்டுக்கு அனுப்புவார்கள்?

“ஏன் பிள்ளை என்ர உடுப்பைப் பிடிச்சுக்கொண்டு திரியிறாய்?” என்றார் அம்மா. நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

இருட்டும்போது அப்பா உள்ளே வந்தார். பிட்டைப் பார்த்தார். “நீர் சாப்பிட்டனீரே?” என்று அம்மாவைக் கேட்டார். அவர் அப்படிக் கேட்டு நான் கண்டதில்லை.

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார். வென்றவர் ஏன் அழ வேண்டும்? புகையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எங்களுடையதோ கரண்ட் அடுப்பு.