டிரைவரின் கடைசிப் பக்கம்

அண்ணனுக்குப் பார்வை போன பிறகு அவருக்காக இரண்டு விஷயங்களை நான் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்று, கூரியரில் வரும் காமிக்ஸ். இன்னொன்று, அவருடைய வலது கால் கட்டைவிரல்.

சர்க்கரை முதலில் கண்ணை எடுத்துக்கொண்டது. பிறகு காலில் உணர்ச்சி போனது. விரலில் ஆணி குத்தியதுகூட அவருக்குத் தெரியவில்லை. தரையில் ரத்தத்தைப் பார்த்து நான்தான் கத்தினேன். பெரம்பலூர் டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "டீச்சர், தெனம் காலையில புண்ணப் பாருங்க. கறுத்துச்சுன்னா அன்னைக்கே கூட்டிட்டு வந்துடுங்க. ஒரு விரலோட முடிச்சுடலாம். தள்ளிப்போட்டா காலே போயிடும்." அண்ணன் தலையாட்டினார். "எனக்கென்ன சார், பாப்பா பாத்துச் சொல்லும்" என்றார். நான்தான் அந்தப் பாப்பா. எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது, விக்கிரமங்கலம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

எனக்குக் காமிக்ஸ் பிடிக்காது. இன்றும் பிடிக்காது. அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிய மனுஷன், கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளாமல், வருஷாவருஷம் சந்தா கட்டி பொம்மைப் புத்தகம் வாங்கியதில் எனக்கு எரிச்சல்தான். அதிலும் அந்தக் கதையில் வரும் பறக்கிற நாயகன்மேல் அவருக்குப் பெரிய பிரியமில்லை. அந்த நாயகனின் காரை ஓட்டும் டிரைவர்தான் அவருடைய ஆள். பறக்கத் தெரிந்தவனுக்குக் கார் எதற்கு என்று கேட்டேன். "அடிபட்டவங்கள எதுல பாப்பா ஏத்துவான், முதுகுலயா?" என்றார். அந்த டிரைவருக்குத் தனியாக ஒரு தொடர் வேண்டுமென்று வாசகர் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தவர் அவர். கடைசியில் வெளிநாட்டில் அப்படியொன்று வந்து, தமிழிலும் நான்கு பாகமாக அறிவித்தபோது, அவருக்கு என் முகமே தெரியாமல் போயிருந்தது.

ஆகவே நான் படித்தேன். கட்டம் கட்டமாகச் சொல்ல வேண்டும். "இடது மேல் கட்டம். மழை. கார் நிக்குது" என்றால் போதாது, ஸ்டியரிங்கை எப்படிப் பிடித்திருக்கிறான், கண்ணாடியில் யார் தெரிகிறார்கள் என்று தோண்டுவார். மூன்று மாதத்தில் நானே படங்களை உற்றுப் பார்க்கப் பழகிவிட்டேன். காலையில் விரலை நனைத்துத் துடைத்து, "இளஞ்சிவப்புண்ணே, நேத்துக்கு இன்னைக்குப் பரவால்ல" என்பேன். அதைவிட அதிகமும் சொன்னதில்லை, குறைவும் சொன்னதில்லை.

நான்காவது பாகம் வந்த ஞாயிற்றுக்கிழமை விரல் வீங்கிச் சிவந்திருந்தது. அதையும் சொன்னேன். அன்று மத்தியானம் புத்தகத்தைப் பிரித்தேன். எரிகிற பாலத்தில் ஒரு பள்ளிக்கூட பஸ். நம்ம டிரைவர் தன் காரில் மூன்று நடையாகப் பிள்ளைகளை அக்கரை சேர்த்துவிட்டு, நான்காவது நடைக்குப் போகிறான். பாலம் விழுகிறது. நாயகன் தாமதமாக வந்து நிற்கிறான். கடைசிப் பக்கத்தில் காலியாக ஒரு சீட்டு, அவ்வளவுதான்.

அண்ணன் கழுத்தை நீட்டிக் காத்திருந்தார். காலும் இப்படி இருக்கும்போது அவர் கொண்டாடிய ஒரே ஆளையும் என் வாயால் கொல்ல வேண்டுமா என்றிருந்தது.

"கதவத் தெறந்து குதிச்சுட்டாண்ணே" என்றேன்.

தொடையில் தட்டிச் சிரித்தார். "எந்தப் பக்கம் குதிச்சான்?"

"வலது பக்கம்."

"அந்த ஊரு வண்டிக்கு ஸ்டியரிங் இடது பக்கமில்ல?"

"ஆமா, இடதுதான். மாத்திச் சொல்லிட்டேன்" என்றேன். அந்தப் பக்கத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னார். வாத்தியார் வேலை பார்த்தவள், மூன்று தடவையும் பிசகாமல் அதே பொய்யைச் சொன்னேன். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, நான் சோறு கட்டிக்கொண்டிருந்தபோது அவர் போனில் ஒரு குரல் பதிவு ஓடியது. ஆண்டிமடத்தில் முந்திரி வியாபாரம் செய்யும் அவருடைய காமிக்ஸ் சிநேகிதர். "அண்ணே, படிச்சிட்டீங்களா? நம்மாளு பாலத்தோட போயிட்டானே. எனக்குச் சோறு எறங்கல."

அண்ணன் அதை இரண்டு தடவை ஓடவிட்டார். பிறகு புத்தகத்தைக் கேட்டு வாங்கி, கடைசிப் பக்கத்தைக் கையால் தடவினார்.

"இதுல ஆள் இருக்கானா?"

"இல்லண்ணே."

"சாவுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

நான் பஸ்ஸைச் சாக்குச் சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விரல் நுனி கறுத்திருந்தது. "அண்ணே, கறுத்துடுச்சு. கெளம்புங்க, பெரம்பலூர் போலாம்" என்றேன்.

"நேத்து செவப்புன்ன."

"நேத்து செவப்புதான். இன்னைக்கு கறுப்பு."

"குதிச்ச பக்கத்தையே மாத்திச் சொன்னவ நீ. வெரல எடுக்கணும்னு டாக்டரும் நீயும் முடிவு பண்ணிட்டீங்க. எனக்கு வலியே இல்ல."

வலி தெரியாததுதான் வியாதி என்று கத்தினேன். அழுதேன். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சொல்லிக்குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கா" என்றார் அண்ணன். ஆட்டோ வந்து நின்றது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. "எக்கேடோ கெட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

ஆண்டிமடத்துக்காரரைக் கூப்பிட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும். அவர் சொன்னால் அண்ணன் நம்புவார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் பொய்யை உடைத்தவர் அவர். அவரிடம் போய் நிற்க எனக்கு மனமில்லை. உண்மையைச் சொன்ன மனுஷன்மேல் எனக்கு அத்தனை கோபம். ஒரு நாள், இரண்டு நாள் என்று ஐந்து நாள் ஓட்டினேன். தினமும் "கறுப்பு ஏறுதுண்ணே" என்றேன். தினமும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆறாம் நாள் வீட்டுக்குள் வாடை வந்தது. அவமானத்தை விழுங்கிக்கொண்டு போன் செய்தேன். ஒரு மணி நேரத்தில் பைக்கில் வந்தார். போர்வையை விலக்கிப் பார்த்தார்.

"கறுப்புதாண்ணே. கணுக்கால் வரைக்கும்."

அண்ணன் உடனே எழுந்து உட்கார்ந்தார். "சட்டைய எடு, போலாம்" என்றார். என்னிடமில்லை, அவரிடம்தான் சொன்னார்.

பெரம்பலூர் டாக்டர் என்னைத் திட்டவில்லை. எத்தனை நாளாயிற்று என்று மட்டும் கேட்டார். இப்போது விரல் பேச்சே இல்லை. முட்டிக்குக் கீழே எடுத்தார்கள்.

மறுநாள் காலை அண்ணனுக்கு மயக்கம் தெளிந்தது. நான் குனிந்து, "அண்ணே, முட்டிக்குக் கீழதான் எடுத்தாங்க. முட்டி இருக்கு" என்றேன்.

அவர் கையை மெல்லப் போர்வைக்குள் விட்டு, தொடை வழியாக இறக்கி, கட்டு தொடங்கும் இடத்தில் நிறுத்தினார். பிறகு கட்டிலின் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நீ சொல்லுப்பா, முட்டி இருக்கா?"

"இருக்குண்ணே" என்றார் ஆண்டிமடத்துக்காரர்.

அண்ணன் சரியென்று தலையாட்டினார்.