திருக்கை வலையும் மதார் மாமாவும்

மதார் மாமா என் உம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் எரிச்சல்தான் வருகிறது. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

பாம்பனில் ஒரு கருவாட்டுக் கிட்டங்கியில் தராசுக்காரர் அவர். நிறுப்பது கருவாட்டை மட்டும் அல்ல. உலகத்தில் எதைக் காட்டினாலும் நிறுத்து, இதுதான் எடை என்று சொல்லிவிடுவார். கிலோ வந்தபோது, "சேரும் வீசையும் இருந்தவரைக்கும் மனுசனுக்கு மனசாட்சி இருந்துச்சு" என்றார். நயா பைசா வந்தபோதும் அதையேதான் சொல்லியிருந்தார். ரோமாபுரி ஒலிம்பிக்கில் நம் ஆக்கி அணி ஒரே ஒரு கோலில் தோற்ற செய்தி வந்த அன்று கடைத்தெருவில் நின்று, "பந்தைக் கொண்டு போங்கடான்னா கல்யாண ஊர்கோலம் போயிருக்கானுக" என்று கத்தினார். மாமா ஆக்கி மட்டையைத் தொட்டதில்லை. ஆட்டத்தைப் பார்த்ததும் இல்லை. டீக்கடை ரேடியோவில் செய்தி கேட்டதோடு சரி.

வேலையிலும் இதே கதை. கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தவர், சேலை எடுக்க வந்த அம்மாளிடம், "இந்தச் சாயம் நாலு வெளுப்புக்குத் தாங்காது" என்று சொல்லிவிட்டு அடுத்த கப்பலில் ஊர் வந்து சேர்ந்தார். பிறகு தனுஷ்கோடியில் ஒரு காண்டிராக்டரிடம் சுமைகாரர்களுக்கு மேஸ்திரி. மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்காதவன் சாயங்காலம் மாடாகிவிடுவான் என்பது மாமாவின் கொள்கை. அதை அவரே நடத்திக் காட்டிக்கொண்டிருந்தபோது காண்டிராக்டர் வந்துவிட்டார்.

மாமியின் பெயர் சித்தி ஜுனைதா. இருபது வருடமாக அவருக்குச் சமைத்துப் போடுகிறார். மீன் ஆணத்தில் புளி கூடினால் ஒரு பேச்சு. குறைந்தால் ஒரு பேச்சு. சரியாக இருந்துவிட்டால், "இதை நேத்தே இப்படி வச்சிருக்கலாமுல்ல?"

இந்த வாயால்தான் மகள் காலிதாவுக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் போயின. முதலில் வந்தவர்களிடம், "உங்க ஊர் பிரியாணி வெறும் மஞ்சச் சோறு" என்றார். அடுத்து வந்தவர் எந்தக் கட்சிக்காரர் என்று விசாரிக்காமலே அந்தக் கட்சியைத் திட்டினார். போன தை மாதம் மூன்றாவது சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். காலிதாவுக்குப் பிடித்திருந்தது. "இதுவும் போச்சுன்னா நான் யாரையும் கட்டிக்கல" என்று மாமியிடம் சொல்லிவிட்டாள்.

மாப்பிள்ளையின் வாப்பா மண்டபம் நெய்னா முகம்மது. மண்டபத்துக் கால்பந்து அணியை நடத்துகிறவர் அவர்தான்.

மூன்று வருடத்துக்கு முன் எங்களுக்கும் அவர்களுக்கும் ஓர் ஆட்டம் நடந்தது. கோல் கம்பத்துக்கு வலை வாங்க வேண்டும் என்று பையன்கள் சொன்னோம். மாமா விடவில்லை. "கடக்கரையில பொறந்துட்டு வலைக்குக் காசு குடுப்பானா ஒருத்தன்? வலையெல்லாம் வலைதான்" என்று கிட்டங்கியில் கிடந்த திருக்கை வலையைக் கொண்டுவந்து தானே கட்டினார். திருக்கை பெரிய மீன். அதன் வலைக்குக் கண்ணும் பெரிது. அதில் ஒரு பந்து தாராளமாக நுழையும். இத்தனை வலைக்காரர்கள் இருக்கிற ஊரில் அன்று ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

நடுவரும் மாமாதான். கடைசி நிமிடத்தில் மண்டபத்துப் பையன் அடித்த பந்து வலைக்குப் பின்னால் தண்ணீர் ஓரத்தில் போய் விழுந்தது. வலைக்கண் வழியாகப் போனதா, கம்பத்துக்கு வெளியே போனதா என்று பெரிய சண்டை. மாமா விசில் ஊதி, "வெளியே!" என்றார். மண்டபம் ஒரு கோலில் தோற்றது.

கோல் காத்தவன் நான். பந்து என் விரலில் பட்டு உள்ளேதான் போனது. நான் வாயைத் திறக்கவில்லை.

பெண் பேச வருகிறவர்களுக்கு விருந்து வைத்தால், பெண்ணின் வாப்பாவும் மாப்பிள்ளையின் வாப்பாவும் ஒரே சஹனில் உண்ண வேண்டும். சஹன் என்பது பெரிய தட்டு. அதைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். மாமி என்னைக் கூப்பிட்டார்.

"சுஐபு, மூணாவது ஆளா நீ உக்காரு. சோத்துக்கு இல்லாம வேற எதுக்கும் அவரு வாயத் தொறந்தா முட்டிய அமுக்கு."

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து எட்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை இதுதான்.

நெய்ச்சோறும் கறியும் வந்தன. பிஸ்மி சொல்லி மாமா முதல் கவளத்தை எடுத்து வாயில் வைத்தார். "உப்பு தூக்கல்" என்றார். திரைக்குப் பின்னாலிருந்து மாமி சொல்லி அனுப்பியபடி, சமைத்தது காலிதா என்று அப்போதுதான் நான் சொல்லி முடித்திருந்தேன். நான் முட்டியை அமுக்கினேன்.

"ஆனா கறி நல்ல பதம்" என்றார் மாமா.

நெய்னா முகம்மது சிரித்தார். "ரஷ்யாக்காரன் ரெண்டு நாய வானத்துக்கு அனுப்பிட்டு உசுரோட எறக்கிட்டானாம், கேட்டீகளா?"

"அது என்ன பெரிய..." நான் அமுக்கினேன். "...பெரிய காரியந்தான் காக்கா" என்று அண்ணன் முறை வைத்து முடித்தார். நெற்றியில் வியர்வை. பேசாமல் இருப்பது அவருக்கு மூட்டை தூக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒரு நிமிடம் எனக்கே பாவமாகிவிட்டது.

அப்போது நெய்னா முகம்மது கையைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"மதாரு, மனசுல ஒண்ணு கெடக்கு. அதத் தீக்காம நான் சம்பந்தம் பேச மாட்டேன். அன்னைக்கு அந்தப் பந்து எங்கன போச்சு?"

நான் முட்டியை விடாமல் அமுக்கினேன். மாமா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நெய்னா முகம்மது என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீதானே கோல்ல நின்ன பய? நீ சொல்லு."

நான் வாயைத் திறந்தேன். இப்போது மாமாவின் இடது கை என் முட்டியில்.

"அவன்கிட்ட கேக்காதீக. விசில் ஊதுனது நான். நான் பாக்கல காக்கா. வெயிலு நேரா கண்ணுல அடிச்சுச்சு. சுத்தி நின்னவனெல்லாம் வெளியேன்னு கத்துனான், நானும் ஊதிட்டேன். எனக்குத் தெரியாது."

மாமா எதைப் பற்றியாவது 'எனக்குத் தெரியாது' என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான். அதற்குப் பிறகு நான் சும்மா இருக்க முடியவில்லை.

"உள்ளேதான் போச்சு. என் விரல்ல பட்டுப் போச்சு" என்றேன்.

"ஏலே! மூணு வருசமா எங்கலே போயிருந்த?" என்று மாமா என் மேல்தான் பாய்ந்தார். "இவனுக படிச்சு என்ன கிழிக்கப் போறானுக காக்கா? எஸ்.எஸ்.எல்.சி.யாம்!"

"அப்ப ஆட்டத்த மறுபடி ஆடணும்" என்றார் நெய்னா முகம்மது. "அது முடியட்டும், பெறகு தேதி பேசுவோம்."

"ஆடுவோம்! ஆனா எங்க ஊர்லதான்."

"உங்க ஊர்லயா? உம்ம வலையிலயா?"

"வலைக்கு என்ன காக்கா குறை?"

குரல் ஏறிக்கொண்டே போனது. என் கை முட்டியில் இருந்தும் பிரயோசனம் இல்லை. மூன்றாவது சம்பந்தமும் போயிற்று என்று நினைத்தேன். திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. ஆண்கள் சபையில் ஒரு நாளும் பேசாத மாமியின் குரல் வந்தது.

"காக்கா, பந்து வெளையாட்ட நீங்க எப்ப வேணும்னாலும் வெளையாடிக்கிடுங்க. என் மகள் நிக்காவுக்கு இவரு நடுவரு இல்ல. தேதிய இப்பச் சொல்லுங்க."

நெய்னா முகம்மது திரைப் பக்கம் திரும்பினார். பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தார். "ஷவ்வால் பிறை பத்து" என்றார். "ஆட்டம் அதுக்கு மறுநாள். வலை நான் கொண்டாரேன்."

மாமா அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு கறித்துண்டை எடுத்து நெய்னா முகம்மது பக்கம் தள்ளிவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"இருந்தாலும் காக்கா, திருக்கை வலையில ஒரு விசயம் என்னன்னா..."

நான் மாமாவின் வலது முட்டியை அமுக்கினேன். இடது முட்டியில் ஏற்கனவே நெய்னா முகம்மதின் கை இருந்தது.