எங்கள் இருவரின் பூனை

அந்தப் பூனைக்கு இரண்டு வீடு என்பது எனக்கு வெகு நாள் தெரியாது. காலையில் சாந்தோமில் எங்கள் மாடி வீட்டில் பால் சாதம் சாப்பிடும். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினால் அதுவும் இறங்கிப் போய்விடும். எங்கே போகிறது என்று ஒரு சனிக்கிழமைதான் பார்த்தேன். தெருமுனையில் பலகை போட்டு மீன் விற்கும் அக்காவின் காலடியில் உட்கார்ந்து, அவர் அரிந்து போட்ட செவுளைத் தின்றுகொண்டிருந்தது.

"உன் பூனையா டீச்சர் இது? நான் என்னுதுன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார் அக்கா.

சாம்பல் நிறப் பெட்டைப் பூனை. ஒரு ஈற்றுக் குட்டிகள் பால்குடி மறப்பதற்குள் அடுத்த ஈற்றுக்கு வயிறு தொங்கும். குட்டிகளில் சில நாய் வாயில் போகும், சில வண்டியில் அடிபடும். பிழைத்தவற்றுக்கு வீடு தேடி ஆசிரியர் அறையில் எல்லோரையும் கெஞ்சி முடித்துவிட்டேன். முதுகெலும்பு துருத்திக்கொண்டு அது படியேறி வருவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அடையாறில் ஒரு கால்நடை மருத்துவர் இருக்கிறார், கருத்தடை செய்துவிடலாமா என்று அக்காவிடம் கேட்டேன். பூனை அவருடையதும்தானே.

அவர் கத்தியைப் பலகையில் வைத்தார். "வேணாம் டீச்சர்."

"அது உடம்பு தாங்கலையே அக்கா."

"அதாண்ட கேட்டியா நீ? என்னாண்டயும் யாரும் கேக்கல. ரெண்டாவது பையன் பொறந்த கையோட எனக்கு ஆபரேசன் பண்ட்டாங்க. வீட்டுக்காரும் மாமியாரும் பேசி முடிச்சிட்டாங்க. நான் வலியில கெடக்கறேன், கைநாட்டு வாங்கிக்கினாங்க. எதுக்குன்னு அப்பால தான் தெரியும். எனக்கு ஒரு பொண்ணு வேணும்னு ஆசை."

பூனையின் நிலை வேறு என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. வாங்கிய மீனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மழைக்காலத்தில் பூனை மறுபடி குட்டி போட்டது, இந்த முறை அக்கா வீட்டுக் கட்டிலுக்கு அடியில். பிறக்கும்போதே குட்டிகள் துவண்டு கிடந்தன. தாய்க்குப் பால் ஊறவில்லை. அக்கா பஞ்சைப் பாலில் நனைத்து ஒவ்வொரு வாயிலும் வைத்துப் பார்த்திருக்கிறார். ஒன்றும் தங்கவில்லை. கடைசிக் குட்டி செத்த பிறகும் பூனை அதை நக்கிக்கொண்டே இருந்ததாம்.

பூனை கொஞ்சம் தேறிய பிறகு, ஒரு விடுமுறை நாள் காலையில் அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் ஒயர் கூடை, மேலே துண்டு போர்த்தியிருந்தது. உள்ளே பூனை.

"வா டீச்சர், போலாம்."

ஆட்டோவில் அவராகவே சொன்னார். "நான் கேட்டுப் பாத்தேன்."

"யாரை?"

"இத்தத்தான். வாயத் தொறந்து சொல்லுமா அது. ஆனா மூஞ்சப் பாத்தா தெரியுது இல்ல?"

மருத்துவர் சின்ன வயதுப் பெண். அக்கா அவரை விடவில்லை. வலிக்குமா, முழிப்பு இருக்குமா, அறுத்த இடம் ஆறுமா? முழு மயக்கத்தில்தான் செய்வோம், வலிக்கு மருந்து தருவோம், இனிமேல் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கிற நோயும் வராது என்று அவர் பொறுமையாகச் சொன்னார். பிறகு, "மயக்கம் தெளியறப்ப பழகினவங்க பக்கத்துல இருந்தா நல்லது" என்றார்.

"நான் கீறேன்" என்றார் அக்கா.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அன்று அவர் கடை போடவில்லை. "நான் முழிச்சப்ப பக்கத்துல ஒருத்தரும் இல்ல டீச்சர்" என்றார். கொஞ்சம் நகர்ந்து அவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.

பூனை கண் திறந்தபோது அதன் தலை அக்காவின் உள்ளங்கையில் இருந்தது.

தையல் ஆறும்வரை என் வீட்டில் வைத்துக்கொண்டேன். மத்தியானம் வியாபாரம் முடிந்ததும் அக்கா வந்து பார்த்துவிட்டுப் போவார். மாதம் ஒன்று போனதும் பூனைக்கு உடம்பு வைத்தது, ரோமம் பளபளத்தது. இப்போதெல்லாம் வயிற்றைக் காட்டி வெயிலில் மல்லாந்து தூங்குகிறது.

போன வாரம் மீன் வாங்கப் போனபோது அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஆம்பளப் பூனைக்கும் பண்றாங்களாமே?"

"ஆமாம் அக்கா. அது இன்னும் சுலபம்."

"எங்க குப்பத்துல ரெண்டு கடுவன் கீது. ஞாயித்துக்கெழம புடிச்சி வெக்கிறேன். ஆட்டோ சொல்லிடு."